பின்கதவும் இடதுகால் செருப்பும்

தீப்பிடித்தால் எல்லோருக்கும் முன்னால் ஓடி வழிகாட்ட வேண்டிய ஆள், வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த ஆள் நான்தான். உடம்பில் ஆரஞ்சு நிற மேலங்கி, அதன் முதுகில் 'தீ பாதுகாப்பு அலுவலர்' என்ற எழுத்து, கழுத்தில் விசில். இத்தனை அலங்காரத்தோடு மாடிப்படியின் கடைசிப் படியில் குத்துக்காலிட்டு, செருப்புக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, என் இடதுகால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் படிக்கட்டு நெடுக முப்பது சொச்சம் பெண்கள், ஒருத்தர் தோளில் ஒருத்தர் இடித்தபடி நின்றார்கள். "சார், கொஞ்சம் நவுருங்க சார்" என்று யாரோ சொல்ல, "இரும்மா, புதுச் செருப்பு" என்று நான் பதில் சொன்னேனாம். எனக்கு அப்படி ஒரு நினைவே இல்லை. ஆனால் முதலாளியின் செல்போனில் வீடியோ இருக்கிறது. அதில் குனிந்திருந்த என் முகம் தெரியவில்லை, முதுகெழுத்தும் குரலும் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன.

நல்லவேளை, அன்று தீப்பிடிக்கவில்லை. அது ஒத்திகை. பிடித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது ஒருபக்கம் இருக்கட்டும்; அந்தப் பெண்களில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் சிரித்துக்கொண்டே சொன்னாலும் இதை முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

உத்திரமேரூரில் ஏரிக்கரைப் பக்கம் போகும் தெருவொன்றில் எங்கள் தையல் கூடம் இருக்கிறது. பள்ளிச் சீருடை தைத்துச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்புகிறோம். கட்டிடம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. மெயின் ரோட்டில் ஏ.சி. மண்டபங்கள் வந்த பிறகு இதில் தாலி கட்ட யாரும் முன்வரவில்லை. மாடியில் முகூர்த்தம் நடந்த கூடத்தில் இப்போது தையல் மெஷின்கள் வரிசை. மணமேடை மேல் துணி வெட்டும் மேசை. மணமகள் அறையில் நூலும் பட்டனும். மணமகன் அறை என்னுடைய ஆபீஸ். கதவுக்கு மேல் பெயின்ட்டில் 'மணமகன் அறை' என்று இன்னும் இருக்கிறது. என் வயதில் ஒருவன் தினமும் காலையில் அந்த எழுத்துக்குக் கீழே நுழைவதைப் பார்த்துப் புதிதாக வரும் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். பழகிவிட்டது, எனக்கும் அவர்களுக்கும்.

அங்கே நான் மேனேஜர். சம்பளப் பட்டியல், கரண்ட் பில், கழிவறைத் தாழ்ப்பாள் என்று எதற்கும் ஆள் இல்லாதபோது அந்த ஆள் நான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகம் படிக்கிற கெட்ட பழக்கமும் உண்டு. சென்னைக் கம்பெனிக்காரர்கள், "ஃபயர் சேஃப்டி பார்க்க ஆடிட்டர் வருவார், அவர் சரி என்று சொன்னால்தான் அடுத்த ஆர்டர்" என்று மெயில் அனுப்பியபோது முதலாளி நேராக என்னிடம் வந்தார். என்னைவிடச் சின்னவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த 'அண்ணா'வுக்குப் பின்னால் வருவது எப்போதும் உத்தரவுதான்.

"அண்ணா, எப்படியும் எதயாவது படிச்சிக்கினுதான கீறீங்க. இதயும் படிச்சிடுங்க."

காஞ்சிபுரத்தில் ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மத்தியான சாப்பாடு பிரமாதம். வடை, பாயசம் உண்டு. அதனால் பிற்பகல் வகுப்பில் சொன்னதில் பாதி எனக்குள் போகவில்லை. காலையில் சொன்னதில் ஒன்று மட்டும் மண்டையில் ஒட்டிக்கொண்டது: ஒவ்வொரு ஆபத்துக்கும் இரண்டு மதிப்பெண் போட வேண்டும். நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்று, நடந்தால் எவ்வளவு சேதம் என்று ஒன்று. இரண்டையும் பெருக்கினால் ஆபத்தின் எடை. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் பெருக்க ஆரம்பித்துவிட்டேன். பேருந்தில் பீடி பிடிப்பவரை, டீக்கடை ஸ்டவ்வை, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை. வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றபடி கேஸ் குழாயை உற்றுப் பார்த்தபோது என் மனைவி, "இங்க இருக்கிற ஆபத்து ஒண்ணுதான். அடுப்புக்கும் எனக்கும் நடுவுல நீங்க நிக்கிறது" என்றாள். அந்தப் பயிற்சியின் மொத்தப் பாடமும் அதுதான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் அட்டை, பேனா, ஆரஞ்சு மேலங்கி சகிதம் கூடத்தைச் சுற்றி வந்தேன். பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சுவரில் மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்க வேண்டும். தொங்கின. முதல் வாளியின் மணலில் ஊதுபத்திகள் செருகியிருந்தன. எல்லாமே எரிந்துகொண்டிருந்தன. தீயை அணைக்க வைத்த மணலில் தீயை நட்டு வைத்திருக்கிறார்கள். இதற்கு வாய்ப்பு மதிப்பெண் போடுவதா, சேத மதிப்பெண் போடுவதா என்று புரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். இன்னொரு வாளியில் யாரோ கொத்தமல்லி விதைத்திருந்தார்கள். நன்றாகவே வந்திருந்தது.

தீயணைப்பு சிலிண்டர் ஒன்று உண்டு. ஆயுத பூஜை சமயத்தில் அதற்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தோம். மாலை காய்ந்து நாராகியிருந்தது. சந்தனம், அழுத்தம் காட்டும் சின்னக் கண்ணாடி மேல் சரியாக அப்பியிருந்தது, சிமென்ட் மாதிரி. உள்ளே முள் பச்சையில் இருக்கிறதா சிவப்பில் இருக்கிறதா என்பது சாமிக்கே வெளிச்சம். முதலாளியிடம் கேட்டேன்.

"ஆயுதம்தானண்ணா அதுவும்?" என்றார்.

அந்தச் சந்தனத்தைப் பூசியதே நான்தான். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். முள் எந்தப் பக்கமும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

இப்படியே பதினைந்து இருபது ஆபத்துகளைப் பெருக்கிக்கொண்டு கூடத்தின் கடைசிக்குப் போனேன். அங்கேதான் இஸ்திரி மேசை. மானாம்பதிப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் ஒரு அம்மா அங்கே இஸ்திரி போடுகிறார். என் வயதுதான் இருக்கும். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை என்பதால் வலது முட்டி வீங்கிவிட்டது. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்குவார். எப்போதும் கடைசியாக இறங்குவதும் அவர்தான். மேசைக்குப் பின்னால் தைத்த துணிகளின் குன்று. மேசைக்கு மேல் ஒரு சுவிட்ச் போர்டு. மழை நாளில் அது சடசடவென்று பொரியும். அதற்குப் பக்கத்தில், கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், பின்கதவு. பின்கதவில் பூட்டு.

"இன்னா சார், எனக்கு எத்தினி மார்க்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு இல்லம்மா. இடத்துக்கு."

"அப்ப இந்த எடத்துக்குப் போடுங்க. நெருப்பு வந்தா நான் முன்னாடி வாசலுக்குப் போறதுக்குள்ள வெந்துடுவேன். இந்தக் கதவாண்டதான் நிக்கிறேன், ஆனா தொறக்காது. நல்லா வசதியா கீது இல்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இதை அவர் சொல்வது முதல் தடவையும் இல்லை. நான் பெருக்கிப் பார்த்தேன். அந்தத் தாளிலேயே பெரிய எண் அதுதான் வந்தது. கொத்தமல்லி, சந்தனம் எல்லாம் சில்லறை. மாடியில் இத்தனை பேர், துணி, கரண்ட். இறங்க ஒரே ஒரு படி. பின்பக்கம் இன்னொரு படி இருந்தும் இல்லை.

கட்டிடம் வாடகைக்கு எடுத்தது; சாவி கட்டிடத்துக்காரரிடம் இருந்தது. பின்கதவைத் திறந்தால் வரும் படிக்கட்டு அவர் வீட்டுத் தோட்டத்தில் போய் இறங்குகிறது. மண்டபமாக இருந்த காலத்தில் சமையல்காரர்கள் அந்த வழியாகத்தான் அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே கிணறு, மாட்டுக்கொட்டகை, அவர்கள் வீட்டுச் சமையலறையின் பின்வாசல், ஒரு பெரிய வைக்கோல் போர். ஏரிப் பாசனத்தில் நிறைய நிலம் அவருக்கு. நானும் அவர் தெருவில் பிறந்தவன்தான். அதனால் போனதும் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள்.

கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்றேன். ஆபத்தையெல்லாம் விளக்கினேன். பெருக்கியும் காட்டினேன்.

"நெருப்பு வந்தா ஒரு போன் பண்ணு மேனேஜரே. வந்து தொறந்து வுடறேன்" என்றார்.

"நீங்க அந்த நேரம் கழனியில இருந்தா?"

"பைக் கீது இல்ல."

நெருப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் பைக்கில் வரும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பை மோரோடு விழுங்கினேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உனக்குத் தெரியாததா? தொறந்து வெச்சா கண்டவங்களும் தோட்டத்துல பூந்து போவாங்க, வருவாங்க. பொம்பளைங்க பொழங்கற எடம்."

மேலே இருப்பவர்களும் பொம்பளைகள்தான் என்று சொல்லியிருக்கலாம். கண்டவர்கள் என்றால் யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் ஊரில் சில விஷயங்களைக் கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் புரிந்துகொள்வதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மரியாதை. மோர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். இவ்வளவு புத்தகம் படித்தவன், அவர் முகத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்த்தேன். அப்போதுதான் வைக்கோல் போர் கண்ணில் பட்டது. அது எங்கள் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. இஸ்திரி மேசை பக்கத்து ஜன்னல்.

"அந்தப் போர் எப்பவும் அங்கதான் இருக்குங்களா?" என்றேன்.

"ஏன்?"

"ஒண்ணும் இல்லைங்க. மேல தீப்பிடிச்சா கண்ணாடி வெடிச்சுப் பொறி நேரா அதுலதான் விழும். பூட்டியிருக்கிற கதவை உடைச்சுத் தண்ணி கொண்டாறதுக்குள்ள போர், கொட்டகை, மாடு…"

முடிக்கவில்லை. அவர் முகம் முடித்தது. மாடு என்ற சொல் எங்கே போய் விழுந்ததோ, மறுநாளே ஆசாரி வந்து பூட்டை எடுத்துவிட்டு எங்கள் பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்துக்கொடுத்தார். படிக்கட்டில் அடைந்து கிடந்த பழைய மண்டபச் சாமான்களும் போயின. தெர்மோகோல் வளைவுகள், கால் உடைந்த நாற்காலிகள், விளக்கெல்லாம் செத்துப்போன ஒரு 'நல்வரவு' போர்டு. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: நெருப்பு வந்தால் மட்டும்தான் திறக்க வேண்டும்.

முப்பது பேருக்காகப் பேசி நடக்காதது ஒரு வைக்கோல் போருக்காகப் பேசியபோது நடந்துவிட்டது. இதை இஸ்திரிக்கார அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஆனால் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஷேர் ஆட்டோவுக்குத் தெரியாத விஷயம் எங்கள் தாலுகாவில் கிடையாது.

"மாட்டுக்கு நல்ல மனசு சார்" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஒத்திகை. வெயில் கொளுத்திய சித்திரை மாதம். முந்தின நாள் மணமேடை மீதேறிச் சொற்பொழிவே ஆற்றினேன். மேடையிலிருந்து பாதிக்கூடம் வரை உள்ளவர்கள் முன்படி, மீதிப்பேர் பின்படி. ஓடக் கூடாது, தள்ளக் கூடாது, எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது. உயிரைவிடப் பெரிய பொருள் கிடையாது. கைதட்டினார்கள். எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது.

முதலாளி தெருவில் செல்போனோடு நின்றார். பின்கதவை நானே திறந்து வைத்துவிட்டு வந்து விசிலை ஊதினேன். எல்லா மெஷினும் ஒரே சமயத்தில் நின்றன. பெண்கள் எழுந்து ஓடாமல், தள்ளாமல், சொன்னபடியே வரிசையாக நடந்தார்கள். எல்லோரும் முன்படியைப் பார்த்து. பின்பாதியில் இருந்தவர்களும், திறந்து கிடந்த பின்கதவுக்கு முதுகைக் காட்டிவிட்டு, கூடத்தின் முழு நீளத்தையும் கடந்து முன்னால் வந்தார்கள். அந்தக் கதவுக்காக அத்தனை நாள் பேசிய இஸ்திரிக்கார அம்மாவும்தான், வீங்கிய முட்டியோடு கடைசியாக.

"பின்னாடி! பின்னாடி போங்க!" என்று கத்தினேன். விசிலை வாயில் வைத்துக்கொண்டே கத்தியதால் யாருக்கும் புரியவில்லை. கத்திக்கொண்டே நானும் அவர்களுக்கு முன்னால் முன்படியில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. கடைசிப் படிக்கு வந்ததும் என் உடம்பு தானாகக் குனிந்தது. கை தானாகக் குவியலுக்குள் போனது.

செருப்பு.

எங்கள் கூடத்துக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. முகூர்த்தம் நடந்த இடம், மெஷினுக்குப் பூஜை போடுகிற இடம், விழுகிற துணி வெள்ளைத் துணி. எல்லாம் சேர்ந்து ஒரு வழக்கம். முதலாளியும் கழற்றிவிட்டுத்தான் வருவார். முன்படியின் கீழே எல்லோருடைய செருப்பும் குவிந்து கிடக்கும். உயிர் மாடியில் இருக்கிறது, செருப்பு முன்வாசலில் இருக்கிறது. வெளியே போவதென்றால் எங்களுக்கு முதலில் செருப்பைப் போய்ச் சேர்வது. தாள் தாளாக ஆபத்து எழுதிய எனக்கு இது ஒரு ஆபத்தாகவே தோன்றவில்லை, ஏனென்றால் என் செருப்பும் அங்கேதான் கிடந்தது. மீதியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

முதலாளி வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "இன்னாண்ணா, பேஜாரா போச்சே. ஆடிட்டர் முன்னாடியும் இப்படிக் குந்திக்கினா ஆர்டர் அவ்வளவுதான்" என்றார். எனக்கு ஆர்டரைவிட, அந்தப் படிக்கட்டில் கடைசியாக நின்ற முட்டி வீங்கிய உருவம்தான் கண்ணிலேயே நின்றது. சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி மேசைக்குப் போனேன். டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, கதவு திறந்துதானே இருந்துது? ஒருநாள் வெறுங்காலோட இறங்கினா என்ன?"

"நீங்க எறங்கினீங்களா?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"எங்கம்மா இந்தத் தெருவுல நாத்து நடப் போவும்போது செருப்பக் கயிட்டிக் கையில புடிச்சிக்கினு போவும் சார். தெரு முடிஞ்சப்புறம் கால்ல போட்டுக்கும். நான் கண்ணால பாத்து கீறேன். அதுக்கோசரம் ஒரு முடிவு வெச்சிக்கினு கீறேன். அவுங்க தோட்டத்துல எறங்கறதுன்னா செருப்புப் போட்டுக்கினுதான் எறங்குவேன். நெருப்பா இருந்தாலும் சரி." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இதுக்கு எத்தினி மார்க்கு?" என்று சிரித்தார்.

எந்த எண்ணாலும் பெருக்க வரவில்லை. எழுந்து வந்து மணமகன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தேன். செருப்போடு கூடத்துக்குள் வர முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார்; பெண்களே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் பின்பாதிக்காரர்களின் செருப்பு பின்படியின் கீழே இருக்க வேண்டும். செருப்பு தானாக நடந்து அங்கே போகாது. காலோடுதான் போக வேண்டும். அதாவது, அவர்கள் தினமும் காலையில் கட்டிடத்துக்காரர் தோட்டத்து வழியாகத்தான் வேலைக்கு வர வேண்டும். சாயந்திரம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். நெருப்பு வந்தால் மட்டும் என்று வாங்கிய வழி, நெருப்பு வராத எல்லா நாளும் நடந்தால்தான் உதவும்.

இதைக் கேட்க நான் மறுபடி போய் மோர் குடித்திருக்க வேண்டும். ஒருநாள் தள்ளினேன். அடுத்த நாளும் தள்ளினேன். வெயில் அதிகம் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். சும்மா இருக்க முடியாமல் பின்படியின் கீழே ஒரு மரத்தட்டு மட்டும் செய்து வைத்தேன், செருப்பு அடுக்க. யாரும் என்ன என்று கேட்கவில்லை. கோழி ஒன்று அதில் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை நான் மாடியில் இருந்தேன். கீழே தோட்டத்தில் கட்டிடத்துக்காரர் வீட்டம்மாவின் குரல் கேட்டது.

"யாரு அது? யாரு உள்ள வர்றது?"

"நெருப்புக்குங்க" என்றது இஸ்திரிக்கார அம்மாவின் குரல், நிதானமாக.

ஜன்னலுக்கு ஓடினேன். பக்கத்துச் சந்திலிருந்து தோட்டத்து மூங்கில் படலைத் திறந்துகொண்டு, கிணற்றைத் தாண்டி, வைக்கோல் போரைத் தாண்டி, பச்சை ரப்பர் செருப்பு 'சளக் சளக்' என்று ஒலிக்க நடந்து வந்தார். அவசரமே இல்லை. முட்டி வேறு விடாதே. சமையலறை வாசலில் வீட்டம்மா கரண்டியோடு நின்றார். இவர் ஒரு கும்பிடு போட்டார், கோழியை விரட்டினார், செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்தார், நான் தாழ்ப்பாளை நீக்கிவிட மேலே ஏறி வந்து இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்தார். அந்த வாரமே பின்பாதிக்காரர்களில் இன்னும் சிலர் அந்த வழியில் வந்தார்கள். பிறகு எல்லோரும்.

கட்டிடத்துக்காரர் மாடிக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார், ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு. வழக்கம் வழக்கம்தான்.

"இன்னா மேனேஜரே, நெருப்பு வந்தாதான்னு பேச்சு?"

"ஒத்திகைங்க" என்றேன்.

"தெனமுமா?"

"அது எந்த நாள் வரும்னு சொல்லிட்டு வராதுங்களே. பழக்கம் விட்டுப்போச்சுன்னா அன்னிக்கு எல்லாரும் முன்னாடி போயிடுவாங்க. அப்புறம் பின்னாடி யாரு தண்ணி ஊத்தறது? போர் வேற…"

ஜன்னல் வழியாகப் போரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மேலங்கியைப் போட்டிருந்தேன். அதன் உள்ளே என் முதுகு வேர்த்து ஒழுகியது வெளியே தெரியவில்லை.

"எப்ப முடியும் இந்த ஒத்திகை?"

"ஆடிட்டர் வந்துட்டுப் போகட்டும்" என்றேன். முதுகெலும்பை இதற்கு மேல் நிமிர்த்த எனக்கு வரவில்லை. அன்று என் தைரியம் அந்தப் பாதிப் பொய் அளவுக்குத்தான் இருந்தது.

ஆடிட்டர் வந்தார். இளைஞர். கயிறு கட்டிய ஷூவைக் கழற்றவே அவருக்கு நேரம் பிடித்தது; முன்படியில் வழியை அடைத்துக் குனிந்திருந்த அவரையும் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனோம். புது சிலிண்டர், மணல் மட்டும் உள்ள வாளிகள், மாற்றிய சுவிட்ச் போர்டு எல்லாவற்றையும் பார்த்தார். விசில் ஊதியதும் கூடம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் இறங்கியது. இஸ்திரிக்கார அம்மா கையைக் கைப்பிடியில் வைத்து, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பின்படியில் முதல் ஆளாக இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, படலைத் தாண்டிச் சந்தில் போய் நின்றார். எங்களுக்கு அடுத்த ஆர்டர் கிடைத்தது. தைக்கிறோம்.

ஒத்திகை முடிந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிடத்துக்காரரும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறைப் பின்கதவு கொஞ்ச நாள் சாத்தியே கிடந்தது, அப்புறம் திறந்துவிட்டார்கள். இதை மனமாற்றம் என்று எழுத எனக்கும் ஆசைதான். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை என்று எழுதுவதே நேர்மை.

இதெல்லாம் நல்லபடியாக முடிந்த தெம்பில் எனக்கும் ஒரு எண்ணம் வந்தது. பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில், முட்டி வலிக்காரருக்குத் துணையாக நானும் பின்வழியில் வந்தால் என்ன? மணமகன் அறையிலிருந்து அது கொஞ்சம் தூரம்தான், ஆனாலும் ஒரு முன்மாதிரியாக இருக்குமே. ஒருநாள் காலை தோட்டத்து வழியாக வந்து, என் செருப்பையும் அந்த மரத்தட்டில், பச்சை ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேலே போனேன். சாயந்திரம் இறங்கி வந்தால் தட்டில் என் செருப்பு இல்லை. தேடிக்கொண்டு தெருவைச் சுற்றி முன்வாசலுக்குப் போனேன், வெறுங்காலோடு. முன்படியின் கீழே, சுவர் ஓரமாக, இரண்டும் ஜோடியாக இருந்தன.

மறுநாள் இஸ்திரி மேசையில் கேட்டேன். அவர் சட்டைக் காலரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான் சார் கொண்டுபோயி வெச்சேன். நெருப்பு வந்தா நீங்க முன்னாடியே போங்க. எங்க வயியில குந்திக்கினு தேடாதீங்க."